கை தெரியக் கூடாது

அக்காவின் வலது கையை வெந்நீரில் நனைத்த துணியால் மூன்றாவது தடவையாகத் துடைத்தாள் சின்னவள். பிசுபிசுப்பு போகவில்லை. விரல் இடுக்குகளிலும் நகத்துக்கு அடியிலும் சிவப்பாகப் பாகு காய்ந்து ஒட்டியிருந்தது. நேற்று ஸ்டுடியோவில் குழந்தையைச் சிரிக்கவைக்கக் கொடுத்த குச்சி மிட்டாய். வெந்நீர் பட்டதும் அது இளகி, பொய்யான ஸ்ட்ராபெர்ரி வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

செத்த உடம்பைப் பார்த்துக் குமட்டுகிற ஆள் இல்லை அவள். பதினான்கு வருஷமாகப் பரிசோதனைக்கூடத்தில் கண்டவர் கையிலும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். சளியையும் மலத்தையும் டப்பாவில் வாங்கிப் பெயர் ஒட்டி அடுக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த அறையிலேயே சாப்பிட உட்காருவாள். அதெல்லாம் உடம்பின் சங்கதி, அதில் அசிங்கம் ஒன்றும் இல்லை. இந்த மிட்டாய் வாசனைதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் கையையே தேச்சுக்கிட்டு இருப்ப?" என்றாள் அண்ணி. அறை வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. மூக்கின் மேல் மடித்த கைக்குட்டை. "முகத்தத் தொடச்சுட்டுத் தலைய வாரி விடு. ஆளுங்க வர ஆரம்பிச்சாச்சு. கைய யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாத்ததில்லதான்."

அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போனவள் என்ன நினைத்தாளோ, வாலுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அண்ணனுடைய இரட்டைப் பிள்ளைகளில் சின்னவன் வாலு. மூன்று வயது. பெரியவள் குண்டு, இருக்கிற இடம் தெரியாது. வாலு இருக்கிற இடத்தில் இருக்க மாட்டான்.

"இதப் பாரு, சொல்லக் கூடாதுன்னுதான் நேத்துலேருந்து வாய மூடிக்கிட்டு இருக்கேன்." அண்ணி அவன் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். இடுப்பின் வலது பக்கம் வரிசையாக நான்கு நீலத் தடங்கள். முதுகுப் பக்கம் ஒன்று, கொஞ்சம் அகலமாக. "எப்படி அழுத்திருக்காங்க பாத்தியா உங்கக்கா? பச்சப் புள்ள உடம்பு. நெனச்சாலே எனக்கு உடம்பெல்லாம் கூசுது. செத்தவங்க கை. குளிப்பாட்டக்கூட கை வர மாட்டேங்குது எனக்கு."

"அப்ப அவ சாகல அண்ணி."

"என்ன?"

"அழுத்தும்போது உயிரோடதான் இருந்தா. செத்த கையால இப்படிக் கன்னிப்போற மாதிரி அழுத்த முடியாது."

அண்ணி சட்டையைச் சரேலென்று கீழே இழுத்து விட்டுவிட்டுப் போனாள். சின்னவள் அக்காவின் கையை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு ஊக்கின் முனையால் ஒவ்வொரு நகமாகச் சுரண்டிச் சுத்தம் செய்தாள்.

வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது அண்ணன் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான். மருந்துக் கம்பெனியில் மேலாளர். நாற்பத்து நான்கு வயதிலும் வகிடு எடுக்கிறதற்குப் பத்து நிமிஷம். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்திருந்தான். மறுமுனையில் போட்டோக்காரர்.

"தலைமாட்டுல வைக்க ஒரு படம் வேணும். அக்கா முகம் உங்ககிட்ட எதாவது இருக்கா?"

"அவங்க முகம் என்கிட்ட எங்க சார் இருக்கு?" என்றார் போட்டோக்காரர். "ஏழு தடவ வந்தாங்க. ஏழு தடவையும் துணிக்குள்ளதான். கைதான் சார் இருந்துச்சு. அதையும் ஆறு படத்துல நீங்க சொன்னபடி அழிச்சிட்டேன்."

"சரி விடுங்க, ஸ்கூல் ஆபீஸ் கார்டுல ஒண்ணு இருக்கு, சமாளிச்சுக்கிறேன்." அண்ணன் சீப்பை வைத்தான். குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தின குரலும் கூடம் முழுக்கக் கேட்டது. "அப்புறம்… நேத்து எடுத்தது எப்படி வந்திருக்கு?"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"கடைசியா எடுத்தது. கேக்குதா?"

"கேக்குது சார். நல்லாதான் வந்திருக்கு. சொல்றதுக்கே ஒரு மாதிரி இருக்கு. இதுவரைக்கும் எடுத்ததுலயே அதுலதான் சார் எல்லாருக்கும் கண்ணு நேரா இருக்கு. குட்டி அசையவே இல்ல."

"அப்ப அதையே பெருசு பண்ணிடுங்க. கைய மட்டும் எப்பவும் போல எடுத்துடுங்க."

சின்னவள் வாளியைக் கீழே வைத்தாள். தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டியது.

"அண்ணா, அந்தப் படம் வேணாம்."

"ஏன்?" அவன் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

"வேணும்னா கையோட போடச் சொல்லு. அவ கை அது. கடைசிக் கை. அதையும் அழிக்கச் சொல்றியே, உனக்குக் கொஞ்சமாவது…"

"கையோட மாட்டினா பாக்கறவங்க என்னன்னு கேப்பாங்க? இடுப்புல ஏதோ புழு ஊர்ற மாதிரி இருக்கும். புள்ளைங்க நாளைக்கு வளந்து பாக்க வேணாமா? நல்ல ஞாபகமா இருக்க வேணாமா?" போனை எடுத்துக்கொண்டான். "நீங்க எடுத்துடுங்க. அவ ஏதோ பேசுறா."

புழு என்றான். அக்காவின் விரலை. சின்னவள் தரையைத் துடைக்கக் குனிந்தாள்.

கூடத்துச் சுவரில் ஆறு படங்கள் வரிசையாகத் தொங்கின, ஏழாவதற்கு ஆணி தயாராக அடித்திருந்தது. ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம், ஒரு வயது, அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. அண்ணனுக்கு இது ஒரு கிறுக்கு. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் உடுப்பு, அண்ணி நடுவில், மடியில் குண்டு, பக்கத்தில் உயரமான முக்காலியில் வாலு, பின்னால் அண்ணன், ஓரத்தில் சின்னவள். கறுப்புத் திரை. எல்லாப் படத்திலும் வாலு முக்காலியில் அமைச்சர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சிரிப்பான். வந்தவர்களெல்லாம் அதைத்தான் மெச்சுவார்கள். இந்த வயசில் எவ்வளவு அடக்கமா உட்காந்திருக்கான் பாருங்க!

அடக்கமாவது, ஒன்றாவது. முக்காலிக்குப் பின்னால் அக்கா மண்டியிட்டு உட்கார்ந்திருப்பாள். தலையோடு கால் கறுப்பு வெல்வெட் துணி போர்த்தியிருக்கும். துணியின் இடுக்கு வழியாக வலது கையை நீட்டி, குழந்தையின் சட்டைக்குள் விட்டு, இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கை இருந்தால் அவன் உட்காருவான். கை போனால் குதித்து ஓடிவிடுவான். சட்டை ஓரத்தில் விரல் கொஞ்சம் தெரியும். அதைப் போட்டோக்காரர் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார். கறுப்பின் மேல் கறுப்பைப் பூசுவது அவருக்கு ஐந்து நிமிஷ வேலை.

முதல் தடவை துணிக்குள் போகச் சொன்னது அக்காவை அல்ல. சின்னவளைத்தான். "நீ போ, நீதான் ஒல்லியா இருக்க, தெரியாது" என்றான் அண்ணன். அந்தத் துணியில் எத்தனை குழந்தைகள் மூத்திரம் போய்க் காய்ந்ததோ, பக்கத்தில் போனாலே நாறியது. "எனக்குத் தூசு ஒத்துக்காது" என்றாள் சின்னவள். பச்சைப் பொய். அக்கா உடனே முடியைக் கொண்டையாகச் சுருட்டிக்கொண்டு, "நான் போறேன் விடு. என் மூஞ்சி தெரியாட்டி படத்துக்கு என்ன குறைஞ்சுபோச்சு?" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவே இல்லை. அண்ணன் அவளுக்கு "ஸ்டாண்டு" என்று பெயர் வைத்தான். கேமராவுக்கு ஒரு ஸ்டாண்டு, குழந்தைக்கு ஒரு ஸ்டாண்டு. கிளம்பும்போது வாசலில் நின்று, "நம்ம ஸ்டாண்டு ஏறியாச்சா வண்டியில?" என்பான். அக்காவும் சிரிப்பாள். நாற்பத்தொன்பது வயது. பள்ளிக்கூட ஆபீஸில் எழுத்தர். கல்யாணம் வேண்டாம் என்று அவள் எப்போது சொன்னாள், யாரிடம் சொன்னாள் என்று கேட்டால் அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நேற்றும் அப்படித்தான். பதினொரு மணிக்கு உள்ளே போனார்கள். ஸ்டுடியோ முழுக்க பவுடரும் பிஸ்கட்டும் பழைய மூத்திரமும் கலந்த ஒரு வாடை. முன்னால் வந்த குழந்தை வாந்தி எடுத்த இடத்தில் ஒரு செய்தித்தாளைப் போட்டு மூடியிருந்தார்கள். போட்டோக்காரர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஒரு மஞ்சள் ரப்பர் வாத்தைக் கீச்சுக் கீச்சென்று அமுக்கினார். "கண்ணுங்களா, இங்க பாருங்க, வாத்து! வாத்து என்ன சொல்லுது?" வாலு வாத்தைப் பார்க்கவில்லை. மிட்டாய் கொடுத்தார்கள், வாயெல்லாம் சிவப்பு வழிந்தது, துடைத்தார்கள், அழுதான், மறுபடி கொடுத்தார்கள். இப்படியே முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் அக்கா துணிக்குள் மண்டியிட்டு இருந்தாள்.

ஒரு வாரமாக அவளுக்கு இடது தோள் வலி. "வாயுவா இருக்கும்" என்றாள். "திங்கக்கிழமை எங்க லேபுக்கு வா, ஈசிஜி எடுத்துடலாம்" என்றாள் சின்னவள். நேற்று சனிக்கிழமை.

"தம்பி" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "மூச்சு முட்டுதுடா."

"ஒரே ஒரு நிமிஷம்க்கா. இப்பதான் சிரிக்கிறான். அசையாதே."

"மூச்சு…"

"ஸ்டாண்டு பேசக் கூடாது" என்றான் அண்ணன். அண்ணி களுக்கென்று சிரித்தாள். போட்டோக்காரர் வாத்தை அமுக்கினார். சின்னவளுக்கும் கேட்டது. தெளிவாகக் கேட்டது. அந்தக் குரலில் ஒரு வித்தியாசம் இருந்ததுகூட அவளுக்குத் தெரிந்தது. ஒரு நாளைக்கு இருபது பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவளிடம் வருகிறார்கள், தெரியாமல் என்ன? முகத்தைத் திருப்பினால் படம் கெட்டுப்போகும், திரும்ப முதலிலிருந்து என்று அண்ணன் கத்துவான். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

விளக்கு பளிச்சென்று அடித்தது. "சூப்பர்!" என்றார் போட்டோக்காரர். எல்லோரும் கேமராவுக்கு ஓடினார்கள். முதலில் எடுத்தது நன்றாக இருக்கிறதா, கடைசியில் எடுத்ததா என்று ஒரு வாக்குவாதம். அண்ணிக்கு ஒன்றில் தாடை இரண்டாகத் தெரிந்தது. வாலு மட்டும் முக்காலியிலேயே இருந்தான்.

"அத்தை விட மாட்டேங்கறாங்க" என்றான்.

அதற்கும் சிரித்தார்கள். "விடாதீங்கக்கா, நல்லா புடிச்சுக்குங்க!" என்றாள் அண்ணி திரும்பிப் பார்க்காமலே. இன்னும் இரண்டு நிமிஷம் போயிருக்கும். அவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "வலிக்குது" என்றான். சின்னவள்தான் போய்த் துணியைத் தூக்கினாள். அக்காவின் நெற்றி முக்காலியின் சட்டத்தில் முட்டுக்கொடுத்திருந்தது. உதடு நீலம். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் குழந்தையை எடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, கொண்டுவரும்போதே முடிந்துவிட்டது என்றார்.

பத்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. அக்காவை நடுவில் கிடத்தி, கழுத்துவரை வெள்ளைப் போர்வை போர்த்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஆபீஸ் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தான் அண்ணன். தாடையின் மேல் பள்ளிக்கூட முத்திரை வட்டமாக விழுந்திருந்தது. படம் பெரிதானதில் முத்திரையும் பெரிதாகிவிட்டது. சுவரிலோ குடும்பம் முழுக்க ஆறு தடவை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் வந்தவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொன்னான். மனப்பாடம் செய்த மாதிரி ஒரு வார்த்தை மாறாமல். "ஸ்டுடியோவுக்குப் போயிருந்தோம். ஓரமா சேர்ல உக்காந்துகிட்டு புள்ளைங்களப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தா. அப்படியே சாஞ்சிட்டா. ஒரு சத்தம் இல்ல, ஒரு அவஸ்தை இல்ல."

"கொடுத்து வச்ச மகராசி" என்றாள் பக்கத்து வீட்டு டீச்சரம்மா. "படுக்கையில கெடந்து நாறாம போய்ச் சேர்ந்தாளே. புள்ளைங்கன்னா உசிரு அவளுக்கு."

"உசிரேதான்" என்றாள் அண்ணி, கைக்குட்டையை மூக்கிலிருந்து கண்ணுக்கு மாற்றிக்கொண்டு.

சின்னவள் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். சேராம், சேர்! அந்த ஸ்டுடியோவில் அக்கா ஒரு நாளும் சேரில் உட்கார்ந்ததில்லை. ஒவ்வொரு ஆளாக வந்து அந்தப் பொய்யைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவளும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அண்ணனைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. "நீ எங்க இருந்த?" என்று அடுத்த கேள்வி வரும். அந்தப் பயத்தில்தான் பேசாமல் இருந்தாள். அதை நினைக்கும்போது அவள் மேலேயே அவளுக்கு அருவருப்பாக வந்தது, வெயிலில் மூடி வைத்த பால் பாத்திரத்தைத் திறந்த மாதிரி.

அப்போது வாலு கூட்டத்துக் கால்களுக்கு இடையில் புகுந்து வந்தான். யார் கொடுத்தார்களோ, கையில் இன்னொரு குச்சி மிட்டாய். யாரும் பிடிப்பதற்குள் அக்காவின் பக்கத்தில் குனிந்து, போர்வையின் ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அத்தை, படம் எடுத்தாச்சு. வெளிய வா."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொல்றான் புள்ள?" என்றாள் டீச்சரம்மா.

"ஒண்ணுமில்ல, உளர்றான். தூக்கம் இல்ல ராத்திரியெல்லாம்." அண்ணன் அவனை அள்ளினான். வாலு அப்பாவின் முகத்தைப் பார்த்து, பாராட்டு எதிர்பார்க்கிற குரலில் சொன்னான்:

"அத்தை துணிக்குள்ள இருந்தாங்க. நீங்க அசையாதேன்னு சொன்னீங்க. நான் அசையல."

டீச்சரம்மா சின்னவளைப் பார்த்தாள். நாற்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்துப் பழகின கண். "என்னம்மா துணி? என்ன ஆச்சு?"

சின்னவள் எழுந்தாள்.

"சேர்ல உக்காரல டீச்சர். இந்தப் படத்துல எல்லாம் இவன் உக்காந்திருக்கானே, அந்த முக்காலிக்குப் பின்னாடி இருந்தா. கறுப்புத் துணிய மூடிக்கிட்டு இவன் இடுப்பப் புடிச்சுக்கிட்டு இருப்பா. எல்லா படத்துலயும் இருக்கா. கைய அழிச்சிருவாங்க. நேத்து மூச்சு முட்டுதுன்னு சொன்னா. ரெண்டு தடவ சொன்னா. ஒரு நிமிஷம் பொறுன்னாங்க. எல்லாருக்கும் கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சு. நான் சிரிச்சுக்கிட்டு நின்னேன்."

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. வானம் இடிந்து விழும், யாராவது அண்ணனின் சட்டையைப் பிடிப்பார்கள், அல்லது அவள் கன்னத்திலாவது ஓர் அறை விழும் என்று நினைத்தாள். பள்ளிக்கூடத்துத் தலைமை எழுத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கிழவர் செருமினார். டீச்சரம்மா எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினாள்.

"அழுதுடும்மா. உள்ள வச்சுக்காத. துக்கத்துல இப்படித்தான் என்னென்னமோ தோணும். யார் தலையில யார் எழுதுறது? நாமளா என்ன செய்ய முடியும்?"

"ஆமாமா, விதி" என்று இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்து சொன்னன. பேச்சு மறுபடி மெல்ல எழும்பியது. வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று யாரோ கேட்டார்கள். பதினொன்றரை என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். அவள் கக்கியதை எல்லோருமாகச் சேர்ந்து ஒரு செய்தித்தாளைப் போட்டு மூடிவிட்டார்கள்.

சின்னவள் சமையலறைக்குப் போனாள். அண்ணன் பின்னாலேயே வந்தான். "திருப்தியா? ஊரக் கூட்டிச் சொல்லியாச்சுல்ல? இப்ப அவ எழுந்து வந்துட்டாளா?" அவன் கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறான் என்று அப்போதுதான் கவனித்தாள். அழுதாலும் வகிடு கலையவில்லை. "எனக்கு மட்டும் தெரியாதா? என் அக்கா இல்லையா அவ? எனக்கு நல்லா கேட்டுச்சு. அதுக்காக என்ன பண்ணச் சொல்ற, நெத்தியில எழுதி ஒட்டிக்கவா?"

"அந்தப் படத்த மாட்டாதன்னுதானே கேட்டேன்."

"மாட்டித்தான் ஆகணும். இல்லாட்டி ஏன் மாட்டலன்னு கேப்பாங்க."

அவள் சிங்க்கில் காறித் துப்பிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் அவன் போய்விட்டான்.

வண்டி வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் போட்டோக்காரர் வந்தார். கையில் வெள்ளைப் பூவளையம், அக்குளில் பழுப்பு உறை. கூடத்துக்குள் வரக் கூச்சப்பட்டு வாசற்படியில் நின்றார். சின்னவள் நேராக அவரிடம் போனாள்.

"படம் கொண்டு வந்திருக்கீங்களா?"

"சும்மா பாக்கறதுக்கு ஒரு சின்ன பிரிண்ட்தாம்மா. அண்ணன் கேட்டாரு…"

"கைய எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேம்மா."

"சரி, எடுக்கிறதுக்கு முந்தினது இருக்குமில்ல? கேமராவுல இருக்கும். அத எனக்குக் குடுங்க. எனக்கு மட்டும். மாட்ட மாட்டேன், யாருக்கும் காட்ட மாட்டேன்."

"இல்லம்மா." அவர் பூவளையத்தைக் கை மாற்றினார். ஓர் இதழ் உதிர்ந்தது. "எப்பவும் கேமராவுலேருந்து கம்ப்யூட்டருக்கு ஏத்தினதும் கார்டக் காலி பண்ணிடுவேன், அடுத்த ஆளு வந்துருவாங்க. அழிச்சுட்டு அது மேலயே சேவ் பண்றதுதான் என் பழக்கம். இத்தன வருஷமா அப்படித்தான். கை பழகிப்போச்சு. அமுக்கினதுக்கு அப்புறம்தான் என்ன பண்ணினேன்னு உறைச்சது. எங்கெங்கயோ தேடிப் பாத்துட்டேன். இல்லம்மா."

அவர் உறையை அவளிடம் கொடுத்துவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னார்: "எனக்கும் கேட்டுச்சும்மா. வாத்த அமுக்கிக்கிட்டு இருந்தேன்."

அவள் உறையைப் பிரித்தாள். எல்லோருக்கும் கண் நேராக இருந்தது. அண்ணிக்கு ஒரே தாடை. குண்டு கொட்டாவி விடவில்லை. வாலு நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் கண்ணை அகட்டி, இளவரசன் மாதிரி. அவன் சட்டை ஓரத்தில் வழவழவென்று கறுப்பு. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், காகிதம்தான் உரிந்தது. படத்தின் ஓரத்தில் அவளே நின்றுகொண்டிருந்தாள். வாய் காதுவரை விரிந்திருந்தது. மற்ற யாரையும்விட நன்றாகச் சிரித்திருந்தது அவள்தான்.

வண்டி வந்தது. தூக்கினார்கள். பெண்கள் வாசல்வரை போனார்கள், சின்னவள் வண்டியிலேயே ஏறிக்கொண்டாள், யாரும் தடுக்கவில்லை. எல்லாம் முடிந்து திரும்பி வரும்போது மணி நாலரை. கூடம் கழுவிவிடப்பட்டு ஈரமாக இருந்தது. ஆபீஸ் அட்டைப் படம் மேஜை மேல் குப்புறக் கிடந்தது. ஏழாவது ஆணியில், பெரிய படம் வரும்வரைக்கும் இருக்கட்டும் என்று, அவள் வைத்துவிட்டுப் போன போட்டோக்காரரின் சின்னப் படத்தை யாரோ கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். நகம் சுரண்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

"எனக்குத் தலை வெடிக்குது" என்றாள் அண்ணி அறைக்குள்ளிருந்து. "இவனக் குளிப்பாட்டி விட்டுடேன். என்னால தொட முடியல, சொல்லிட்டேன். கழுத்தெல்லாம் மிட்டாய், எறும்பு மொய்க்குது."

சின்னவள் வாலுவைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். குளிப்பாட்டுவது எப்போதும் அக்காவின் வேலைதான். வழுக்குகிற தரையில் அவன் இங்கேயும் அங்கேயும் பாய்ந்தான். வாளியை உதைத்தான். சோப்பை எடுத்துக் கழிப்பறைக் கோப்பைக்குள் எறிந்தான். "நில்லுடா, கண்ணா, நில்லு" என்று இரண்டு தடவை சொன்னாள். தலையில் ஊற்றிய தண்ணீர் சிவப்புப் பாகைக் கரைத்துக்கொண்டு முதுகு வழியாக இறங்கியது. மறுபடி அந்த ஸ்ட்ராபெர்ரி வாசனை. அவள் வாயால் மூச்சுவிட்டாள்.

நீலத் தடங்கள் காலையில் பார்த்ததைவிடக் கறுத்திருந்தன. வலது இடுப்பில் நான்கு, முதுகுப் பக்கம் ஒன்று. இன்னும் மூன்று நாளில் பச்சையாகும், பிறகு மஞ்சள், ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள். அவளுக்கு அந்தக் கணக்கு தெரியும்.

அவன் கதவுப் பக்கம் மறுபடி பாய்ந்தபோது எட்டிப் பிடித்தாள். பின்னாலிருந்து, ஈரத்தில் மண்டியிட்டபடி, வலது கையால். விரல்கள் தாமாகவே அந்தத் தடங்களின் மேல் போய் உட்கார்ந்தன. நான்குக்கு நான்கு. கட்டைவிரல் முதுகில்.

வாலு சட்டென்று நின்றான். முதுகை நிமிர்த்தினான். கையிரண்டையும் தொடைமேல் வைத்துக்கொண்டான். எதிரில் இருந்த வெறும் சுவரை நேராகப் பார்த்து, பல் தெரியச் சிரித்தான்.

சின்னவள் கையை எடுத்துவிட்டாள். அவன் அசையவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டே நின்றான்.